பாண்டவர் குழியில் ஒரு பிடி கரி

வாலாஜாபாத்தில் இறங்குகிறவர்களில் பலர் வாலாஜாபாத்துக்காக இறங்குகிறவர்கள் அல்லர். செங்கற்பட்டிலிருந்து காஞ்சீபுரம் போகும் ரயிலில் அது ஒரு ஸ்டேஷன். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயரை இன்னும் சுமந்துகொண்டிருக்கும் ஊர். ஒரு காலத்தில் இங்கிலீஷ்காரர்களின் பட்டாளம் தங்கியிருந்த இடம். தறியோசை கேட்கும் தெருக்கள். இவ்வளவுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். சற்று விஷயம் அறிந்தவர்கள், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலுக்குப் போய், வீரராஜேந்திர சோழன் காலத்து ஆதுலர் சாலையைப் பற்றிய கல்வெட்டைப் பார்த்துவிட்டு, "ஆஹா! பதினோராம் நூற்றாண்டிலேயே நம்மவர்கள் ஆஸ்பத்திரி வைத்திருந்தார்கள்" என்று பூரித்துத் திரும்புவார்கள். பூரிக்க வேண்டியதுதான். ஆனால் இந்தப் பக்கத்து மண்ணில் அந்தக் கல்வெட்டைவிட ஆயிரம், இரண்டாயிரம் வருஷம் மூத்த கற்களும் இருக்கின்றன. அவற்றில் எழுத்து ஒன்றும் இல்லை. ஆகையால் அவற்றைத் தேடிப் போகிறவர்கள் மிகவும் சிலர்; தேடிப் போகாமலே போய் அவற்றைப் பெயர்ப்பவர்களோ பலர்.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள், அவ்வூரைச் சேர்ந்த பள்ளிக்கூட ஆசிரியரான நண்பர் ஒருவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, அப்படி ஓர் இடத்துக்குப் போனேன். கிராமத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் மறு வாரமே யாராவது புதையல் பிரியர் கடப்பாரையோடு புறப்பட்டுவிடுவார் என்பது நண்பருடைய பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஏரிக்கரை முடிகிற இடத்தில், வேலிகாத்தான் புதர்களுக்கு நடுவே ஒரு சரளை மேடு. அந்த மேட்டில், இடுப்பளவு உயரத்தில் உருண்டைப் பாறைகள் வட்டமாக நட்டுக் கிடந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. இடைவெளிகளைக் கணக்கிட்டால் இருபதுக்குமேல் இருந்திருக்க வேண்டும். பதினோராவது கல்லில் ஒரு காளை மாடு கட்டியிருந்தது.

மாட்டுக்குச் சொந்தக்காரரான ஒரு கிழவர் எங்களைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"என்னங்கய்யா, மனை பாக்க வந்தீங்களா?"

"இல்லை, பெரியவரே. இந்தக் கல்லைப் பார்க்கத்தான் வந்தோம்."

"கல்லா?" என்று அவர் சிரித்தார். "அது பாண்டவங்க வூடுங்க. வனவாசம் வந்தப்போ இங்கதான் தங்கினாங்களாம். எங்க பாட்டன் சொல்லுவாரு."

தமிழ்நாட்டில் இந்த மாதிரிக் கற்கள் இருக்கும் இடங்களிலெல்லாம் இந்தப் பதில் கிடைக்கும். ஓர் ஊரில் பாண்டவர் குழி என்பார்கள். வேறோர் ஊரில் வாலியர் வீடு என்பார்கள். இன்னும் சில இடங்களில் குள்ளர் வீடு. பதின்மூன்று வருஷத்துக்குள் பஞ்ச பாண்டவர்கள் இத்தனை வீடு கட்டியிருந்தால் துரியோதனன் அவர்களைக் கண்டுபிடிக்க அவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டான்! என் பாட்டிக்கு வேறு கதை தெரியும். அந்தக் காலத்தில் மனிதர்களுக்குச் சாவே வராதாம். வயது ஏற ஏறக் குறுகிக் குறுகிப் பூனைக்குட்டி அளவாகி விடுவார்களாம். அவர்களை விளக்கு மாடத்தில் தூக்கி வைத்திருப்பார்களாம். அதற்கும் மேல் முடியாமற் போனால், ஒரு பெரிய தாழியில் சோறும் தண்ணீரும் விளக்கும் வைத்து உள்ளே இறக்கி மூடிவிடுவார்களாம். முதுமக்கள் தாழி என்ற பெயருக்கு ஜனங்கள் சொல்லும் பொருள் அது. சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு மாடத்தைப் பார்க்கவே நடுங்கியிருக்கிறேன்.

கதையில் பாதி பொய், பாதி மெய். குறுகிய கிழவர்கள் பொய். தாழியும், அதற்குள் வைத்த சோற்றுப் பானையும் மெய்.

அந்தக் கல் வளையத்துக்குக் கீழே என்ன இருக்கக்கூடும் என்பதை ஊகமாக அல்ல, தோண்டிப் பார்த்த இடங்களைக் கொண்டே சொல்லலாம். பழைய செங்கற்பட்டு ஜில்லா முழுவதுமே இத்தகைய ஈமக்காடுகள் நிறைந்த பிரதேசம். மதுராந்தகத்தை அடுத்த சானூரில் 1950-லும் 1952-லும் தொல்பொருள் இலாகாவைச் சேர்ந்த ஸ்ரீ என். ஆர். பானர்ஜியும் ஸ்ரீ கே. வி. சௌந்தரராஜனும் சில வளையங்களைத் தோண்டினார்கள். வளையத்துக்கு நடுவில் சல்லிக் கற்குவியல்; அதன் கீழே குழி; சில குழிகளின் அடியில் சுட்ட மண்ணாலான பேழை. பேழை என்றால் மேஜை போலக் கால்கள் உள்ளது. ஆறு கால், எட்டுக் கால், பன்னிரண்டு கால் என்று இரு வரிசையாக நிற்கும். மேலே ஓட்டுக் கூரை கவிந்த மாதிரி மூடி. தென் ஜில்லாக்களில் இறந்தவர்களுக்குத் தாழி. தொண்டைமண்டலத்தில் இந்தக் கால் முளைத்த பேழை. இங்கே தாழியே இல்லை என்பதல்ல; ஆனால் பேழைதான் இந்தப் பக்கத்தின் விசேஷம். சென்னை எழும்பூர் மியூஸியத்துக்குப் போகிறவர்கள் அங்கே கடப்பை ஜில்லா சங்கவரத்தில் கிடைத்த பேழையைத் தவறாமல் பார்க்க வேண்டும். அது ஆட்டுக்கடாவின் உருவத்தில் இருக்கிறது. முகமும் கொம்பும் முன்னால், முதுகு திறந்த தொட்டியாக. இறந்தவனை ஏற்றிக்கொண்டு எங்கேயோ நடக்கத் தயாராக நிற்பது போலத் தோன்றும்.

இதைச் செய்த குயவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. ஐந்தடி, ஆறடி நீளமுள்ள ஒரு மண் தொட்டியைச் சக்கரத்தில் வைத்துச் சுழற்ற முடியாது. மண்ணைத் திரித்து, சுருள் சுருளாக அடுக்கி, கையால் தட்டித் தட்டி எழுப்ப வேண்டும். காய்கிறபோது விரிசல் விடக்கூடாது, சூளையில் வெடிக்கக்கூடாது, அந்தக் கால்கள் அத்தனையும் சமமாக நிலத்தில் ஊன்ற வேண்டும். இன்று நம் ஊர்க் குயவரிடம் ஒரு பேழை செய்து தரும்படி கேட்டுப் பாருங்கள்; அதில் இருக்கும் வித்தை விளங்கும். புறநானூற்றின் 256-ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒருத்தி குயவனிடம் பேசுகிறாள். வழி நெடுக அவனோடு வந்த தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்து தரச் சொல்லுகிறாள். அப்பாட்டைக் கல்லூரியில் படித்தபோது அழகான கற்பனை என்று நினைத்திருந்தேன். பேழைகளைக் கண்ட பிறகுதான், அவள் அளவு சொல்லிக் கேட்கிறாள் என்பது உறைத்தது.

பேழைக்குள்ளும் சுற்றிலும் பண்டங்கள். உட்புறமும் வாய்ப்பக்கமும் கறுத்து, வெளிப்புறம் சிவந்த பானைகள், கிண்ணங்கள். அவற்றைத் தாங்கும் பிரிமனைகள். இரும்பில் கத்தி, கோடாலி, ஈட்டி முனை, அம்பு முனை. சில இடங்களில் சங்கும் மணிகளும். எலும்புகள் இருக்கும்; ஆனால் பல குழிகளில் முழு உடம்பாக இராது. கபாலத்தில் ஒரு துண்டு, கை கால் எலும்பு சில. உடலை வேறெங்கோ இட்டு, பிறகு எலும்பைப் பொறுக்கி வந்து அடக்கம் செய்திருக்கிறார்கள். ஒரே குழியில் ஒருவருக்கு மேற்பட்டவர்களின் எலும்பு கிடைப்பதும் உண்டு. குடும்பக் குழியோ என்னவோ! இறந்தவர்களை எரித்தல், வெறுமனே இட்டு வருதல், குழியில் புதைத்தல், தாழ்ந்த அறையில் அடைத்தல், தாழியில் கவித்தல் என்று ஐந்து முறைகளை மணிமேகலை காவியம் வரிசையாகச் சொல்லுகிறது. அது பூம்புகாரின் சுடுகாட்டைப் பற்றிய பேச்சு. ஆனால் மணிமேகலை கடைசியில் வந்து தங்கியது நம் காஞ்சியில் அல்லவா? வரும் வழியில் அவள் இப்படிப்பட்ட சரளை மேடுகள் எத்தனையைத் தாண்டியிருப்பாள்!

இனி, இவற்றை முதலில் தோண்டியவர்கள் கதைக்கு வருவோம்.

1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி, புரூஸ் ஃபுட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி பல்லாவரத்துப் பட்டாள மைதானத்துக்கு அருகில் ஒரு சரளைக் குழியில் கற்கோடாலி ஒன்றைக் கண்டெடுத்தார். பாரத தேசத்துப் பழங்கற்காலத்தைப் பற்றிய ஆராய்ச்சி அன்றைக்குத்தான் பிறந்தது. அதே பல்லாவரத்தில், 1880-களில், அலெக்ஸாண்டர் ரீ துரை மண் பேழைகளைக் கண்டுபிடித்தார். பாக்தாத் பக்கத்தில் கிடைத்த மண் பேழைகளோடு அவற்றை ஒப்பிட்டுப் பேசியவர்களும் உண்டு. நம் பண்டம் எதைக் கண்டாலும் அது எங்கிருந்து இறக்குமதியாயிற்று என்று கேட்பது அக்காலத்து வழக்கம். 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரைத் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டு போனார். பின்னர் 1899 முதல் 1905 வரையில் ரீ துரை அங்கே தோண்டினார். 114 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பரம்பில் தாழி தாழியாக வந்தது. மெல்லிய பொன் தகட்டாலான நெற்றிப் பட்டங்கள், மிருகங்களும் பறவைகளும் மூடியின்மேல் நிற்கும் வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு வாள்கள், நெல் உமி. செங்கற்பட்டு ஜில்லாவில் பெரும்பேர் என்ற ஊரிலும் அவர் தோண்டினார். இரண்டு ஊர்ப் பண்டங்களுக்கும் சேர்த்து 1915-ல் அவர் தயாரித்த அட்டவணை வெளிவந்தது. பொருள் பொருளாக எழுதி வைத்திருக்கிறார்; குறை சொல்ல முடியாத உழைப்பு.

ஆனால், இவ்வளவு பொன்னும் வெண்கலமும் வந்த பிறகும், மிகவும் சாதாரணமான ஒரு கேள்விக்குப் பதில் இல்லை. இது எப்போது? பொன் பட்டம் வாய் திறக்கவில்லை. வாளும் சொல்லவில்லை. 1947-ல் மார்ட்டிமர் வீலர் மைசூர்ப் பக்கத்துப் பிரம்மகிரியைத் தோண்டி, அங்குள்ள பெருங்கற் குழிகளுக்குச் சுமார் கி.மு. 200 முதல் கி.பி. முதல் நூற்றாண்டின் நடு வரையில் என்று காலம் குறித்தார். ரோமாபுரி வியாபாரத்தின் காலத்தைத் துணையாகக் கொண்டு மண் அடுக்குகளை எண்ணிப் போட்ட கணக்கு அது. அவர் வசத்தில் இருந்த சாதனங்களைக் கொண்டு அதற்குமேல் செய்திருக்க முடியாது. ஆனால் தென்னாட்டில் எங்கே கல் வளையம் கண்டாலும் அந்தக் கணக்கையே ஒட்டவைத்துவிடுவது வெகு காலம் வழக்கமாயிருந்தது.

வீலர் பிரம்மகிரியைத் தோண்டி இரண்டே வருஷம் கழித்து, 1949-ல், அமெரிக்காவில் வில்லார்ட் லிபி என்ற ரசாயன சாஸ்திரி கரியிடம் வயது கேட்கும் வித்தையை வெளியிட்டார். செடி கொடிகள் காற்றிலிருந்து கரியணுவை உட்கொள்ளுகின்றன. அதில் மிகச் சொற்பப் பகுதி நிலையில்லாத வகை. மரம் வெட்டுண்டதும் புதிய வரவு நின்றுவிடுகிறது. இருப்பில் உள்ள நிலையற்ற கரி 5,730 வருஷத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். மிச்சத்தை அளந்தால் மரம் எப்போது இறந்தது என்று சொல்லிவிடலாம். இந்த வித்தைக்காக 1960-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அன்று முதல் ஈமக்குழியில் மதிப்புள்ள பொருள் எது என்பதே மாறிப்போயிற்று. பொன் பின்னுக்குப் போயிற்று. கரித்துண்டும் உமியும் முன்னுக்கு வந்தன.

பலன் நம் கண்முன் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் அறிவித்தார்கள். நமக்கு இன்னும் நெருங்கிய சேதி, திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்நமண்டியிலிருந்து வந்தது. தொண்டைமண்டலத்துக்கே உரிய மண் பேழை அங்கேயும் அகப்பட்டது. அதிலிருந்து எடுத்த கரியின் காலம் கி.மு. 1692 என்று தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை சொல்லுகிறது. பிரம்மகிரிக் கணக்குக்கும் இதற்கும் சுமார் ஆயிரத்து ஐந்நூறு வருஷம் வித்தியாசம்! அதே அறிக்கையில் சிவகளை இரும்பைப் பற்றி இதைவிடப் பெரிய எண்கள் வந்திருக்கின்றன; அவற்றை ஒப்புக்கொள்ள இன்னும் பல சான்று வேண்டும் என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தமிழ்த் துரோகிகள் என்று வைய வேண்டியதில்லை. கரி சொல்வது மரத்தின் வயதைத்தானே தவிர, சடங்கின் வயதை அல்ல. பழைய கட்டையை எரித்திருக்கலாம். எலி வளை வழியாகவோ வேர் வழியாகவோ கரி இடம் மாறியிருக்கலாம். ஆகையால் ஒரு துண்டு போதாது. பல குழிகளில், பல துண்டுகள், ஒவ்வொன்றும் அசையாமல் கிடந்த இடத்திலேயே கிடைக்க வேண்டும்.

இங்கேதான் என் வயிற்றெரிச்சல். அசையாமல் கிடந்த இடம் எங்கே மீதி இருக்கிறது? நான் பார்த்த வளையத்தில் ஏறக்குறையப் பாதிக் கற்கள் போய்விட்டன. சில கிணற்றுச் சுவருக்கு, சில வீட்டுக் கடைக்காலுக்கு, மற்றவை ஜல்லியாக உடைந்து ரஸ்தாவுக்கு. பக்கத்தில் இன்னும் இரண்டு வளையம் இருந்ததாம். அந்த மண்ணை லாரியில் அள்ளிப் போய்விட்டதால் அங்கே இப்போது பள்ளமும் மழைத் தண்ணீரும்தான். வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் வழியாக வண்டலூர் போகும் சாலையில் ஒரு மணி நேரம் நின்றால், எத்தனை லாரி சரளையும் ஜல்லியும் போகிறது என்று எண்ணி மாளாது. அந்த ஒரகடத்துக்குப் பக்கத்திலேயே வடக்குப்பட்டு என்ற ஊரில் 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கற்கருவிகள் வந்தன. எங்கே தோண்டினாலும் ஏதாவது வருகிற பூமி இது. தோண்டுகிற யந்திரம் மட்டும் அதைக் கவனிப்பதில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. பல்லாவரத்தில் அது அளவுக்கு மேலாகவே இருக்கிறது. அங்குள்ள ஈமக்குழிப் பகுதி பாதுகாக்கப்பட்ட இடம். 2010-ல் திருத்திய சட்டப்படி அத்தகைய இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டும். ஆனால் பல்லாவரம் இப்போது சரளை மேடு அல்ல. ஜன நெருக்கம் மிகுந்த நகரம். வாழ்நாள் சம்பாத்தியத்தைப் போட்டு மனை வாங்கிய குடும்பங்கள் வீடு கட்ட வழியில்லாமல் பல வருஷம் அலைந்தன. மூவாயிரம் வருஷத்துக்கு முன் இறந்தவனுக்கு வீடு உண்டு, உயிரோடிருக்கும் எனக்கு இல்லையா என்று அவர்கள் கேட்டால் என்ன பதில் சொல்லுவது? வீடுகள் முளைப்பதற்கு முன்பே எல்லைக்கல் நட்டு, நிலத்தை வாங்கிப் போட்டிருந்தால் இரு தரப்புக்கும் தொல்லை இராது. பல்லாவரத்தில் செய்யத் தவறியதை வாலாஜாபாத்துப் பக்கத்துக் கிராமங்களில் செய்ய இன்னும் அவகாசம் இருக்கிறது. அதிக அவகாசம் இல்லை. மனை பார்க்க வந்தீர்களா என்றுதானே அந்தக் கிழவரும் முதலில் கேட்டார்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலருக்கு இது பிடிக்காது. காப்பாற்றுவது என்றால் எல்லாவற்றையும் இன்றைக்கே தோண்டிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது அல்ல. 1905-ல் கரிக்கு வாய் உண்டு என்று யாருக்கும் தெரியாது. இன்று மதுரைப் பக்கத்தில், கீழடி மக்களின் இடுகாடாகிய கொந்தகையில், தாழி எலும்புகளின் மரபணுவைத் தேடுகிறார்கள். அங்கே கிடைத்த இரண்டு கபாலங்களிலிருந்து, இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்துச் சர்வகலாசாலை ஒன்றின் உதவியோடு, இரண்டு ஆண்களின் முகங்களையே மறுபடி உருவாக்கி 2025-ல் காட்டினார்கள். இன்னும் ஐம்பது வருஷத்தில் என்ன வித்தை வருமோ! தோண்டிய குழியை மறுபடி ஒரு முறை தோண்ட முடியாது. பத்து வளையம் இருந்தால் இரண்டைத் தோண்டிவிட்டு எட்டை நம் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுவைப்பதுதான் நியாயம்.

குடியிருப்பையும் தேட வேண்டும். 1955 முதல் 1958 வரையில் ஸ்ரீ வி. டி. கிருஷ்ணசாமி செங்கற்பட்டு ஜில்லாக் குன்னத்தூரில் ஈமக்குழிகளோடு நிறுத்தாமல் அவர்கள் வாழ்ந்த இடத்தையும் தோண்டிப் பார்த்தார். அந்த வழியில் பிறகு போனவர்கள் போதாது. இறந்தவனுக்குக் கல்லைச் சுமந்து வந்து வைத்தவர்கள், தாங்கள் மண்சுவரிலும் கூரையிலும் இருந்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் அடுப்பையும் குப்பையையும் கண்டால்தான் அந்தக் குழி யாருடையது என்று முழுதும் விளங்கும். நான் நின்ற சரளை மேட்டிலிருந்து ஏரி தெரிந்தது. ஏரிக்கு அப்பால் நெல் வயல். உழுகிறபோது கறுப்பு-சிவப்பு ஓட்டுத் துண்டுகள் கலப்பையில் தட்டுப்படுவதாக நண்பர் சொன்னார். ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். வாய் விளிம்பு வழுவழுவென்று இருந்தது. மறுபடி அதே இடத்தில் வைத்துவிட்டோம்.

புறப்படும்போது கிழவரிடம் கேட்டேன்: "பெரியவரே, பாதிக் கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே, மீதியை மட்டும் ஏன் விட்டார்கள்?"

"எங்கங்க விட்டாங்க? போன வருசம்கூட லாரி கொணாந்துட்டாங்க. நான்தான் வாணாம்னுட்டேன்."

"பாண்டவர் வீடு என்பதாலா?"

அவர் காளையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். "அதுவுந்தாங்க. இந்தக் கல்லையும் புடுங்கிக்கினு பூட்டா, இவனை நான் எதுல கட்டறது?"